ஜல்லிக்குக் காட்டும் கை

மச்சினன் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்து முடித்தான். அதோடு நிற்கவில்லை. அதற்கும் கீழே, எறும்புகள் படிப்பதற்கென்றே போட்டதுபோல இருந்த அச்சகத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மூச்சுவிடாமல் வாசித்தான். இருபத்தாறு வருடமாக அந்தப் பலகையைத் தினமும் துடைக்கிற கண்ணாடிக்கடைக்காரருக்கே, அதில் ஒரு தொலைபேசி எண் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கழுகுக்குக் கண்ணாடி போடச் சொல்றியா மாப்ளே? கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப உங்க பலகைலதான் கோளாறு." மச்சினனின் இடது கை கழுத்திலிருந்து துணியில் தொங்கியது. தோள்பட்டை எலும்பு ஒன்றுசேர இன்னும் ஐந்து வாரம் ஆகும். "பத்தடி முன்னால நீங்க காட்டின கை எனக்குத் தெரியலையே, மாமா."

கடைக்காரர் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார். காது மடல் இரண்டும் சுட்டன.

அந்தக் கைக்கு ஊரில் ஒரு நல்ல பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு ரேஸ் சைக்கிள்கள் வரிசையாகக் கிளம்பும். முன்னால் எப்போதும் அவர்தான். குழி வந்தால் ஒரு விரலை நீட்டுவார். ஜல்லியோ மணலோ வந்தால் ஐந்து விரலையும் விரித்துத் தொடைக்குப் பக்கத்தில் ஆட்டுவார். பின்னால் வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டே வரலாம் என்பது பேச்சு. ஒருமுறை அவர் இடுப்பைச் சொறிந்ததற்குப் பத்துச் சைக்கிளும் பிரேக் போட்டு நின்றன. அதற்கும் பின்னால் வந்த தண்ணீர் லாரி நின்றது என்று சொல்வது மட்டும் கொஞ்சம் கூடுதல். வேகத்தைக் குறைத்தது, அவ்வளவுதான்.

மச்சினனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. விரல் தடிமன் டயர், ஜல்லியில் ஏறினால் கோலிக்குண்டு மேல் நிற்பதுபோல. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போனபிறகு முன் பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது. வெளிப்பக்கக் கால் கீழே, உடம்பின் பாரமெல்லாம் அதன்மேல். சைக்கிளை அதிகம் சாய்க்கக் கூடாது. ஜல்லியைப் பார்க்காதே, போய்ச்சேர வேண்டிய இடத்தைப் பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், சாலை அவனுக்குப் புதிதில்லை. மூன்றே மாதத்தில் அவருடைய பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டான்.

போன ஞாயிறு மழைத் தூறலில் மற்றவர்கள் போர்வைக்குள் இருந்துவிட, இரண்டு பேர் மட்டும் கிளம்பினார்கள். ஏரிக்கரை இறக்கத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாமா, வழி விடுறீங்களா, இல்ல நான் இறங்கித் தள்ளிக்கிட்டு வரட்டுமா?" பாசமான கிண்டல்தான். ஆனால் அது நேராகப் போய், அவருடைய ஐம்பத்து நான்கு வயது முழங்காலில் குத்தியது. அப்போதுதான் வளைவில் லாரி சிந்திவிட்டுப் போன ஜல்லி தெரிந்தது. நேரம் இருந்தது. கை காட்டிவிட்டு, ஒரு தும்மல் போட்டு, மூக்கையும் துடைத்துக்கொள்கிற அளவுக்கு நேரம் இருந்தது. கை பிடியைவிட்டு ஓரங்குலம் கிளம்பவும் செய்தது. "இன்னிக்கு இவனே பாத்துக்கட்டும்" என்று உள்ளே யாரோ சொன்னார்கள். யாரோ என்ன யாரோ, அவர்தான். கை திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் பாடம் பிசகாமல், ஜல்லியின் ஓரமாக, அழகாகத் திரும்பினார். பின்னால் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்த் தூக்கியபோது மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "கை காட்டினீங்கல்ல? நான்தான் பாக்கல."

அவர் "ம்" என்றார்.

உலகத்தில் அதைவிடச் சின்னப் பொய் கிடையாது. வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் அது வளர்ந்து ஆளாகிவிட்டது. மனைவி தம்பியைத் திட்டிக்கொண்டே அவருக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தாள். "இவரு கை காட்டியும் விழுந்திருக்கான் பாருங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். ஆறு நாளாக அந்த வீட்டுக்காரர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டார். பதில் கும்பிடு போட அந்தக் கையைத் தூக்கவே அவருக்குக் கூசியது.

"திங்கக்கிழமை வேன் ஆபீஸ்ல வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துடப் போறேன், மாமா," என்றான் மச்சினன் இப்போது. "இருபத்திரண்டு பிள்ளைங்க ஏறுதுங்க. கண்ணு முன்னாடி காட்டின கை தெரியாதவன் எப்படி ஓட்டுறது? கை சரியானாலும் இனிமே வேணாம்."

"கண்ணுல ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல!"

"சும்மா சமாதானம் சொல்லாதீங்க. ஒண்ணு பண்ணுங்க. அன்னிக்கு மாதிரியே முன்னால போய், முதுகைக் காட்டி நில்லுங்க. கையக் காட்டுங்க. தெரியுதான்னு பாத்துடுவோம்."

மறுக்க ஒரு காரணம் தேடினார். கடை முழுக்கக் கண்ணாடிகள்தான் இருந்தன. லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை, லென்ஸ் எதுவும் போடாமலே, மச்சினனே எடுத்து ஒற்றைக் கையால் எப்படியோ மூக்கில் மாட்டிக்கொண்டான். அவர் கடைக்கோடிவரை நடந்து சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் வாடிக்கையாளர் முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் தன் முகம் தெரிந்தது. தோளுக்குமேல், நாற்காலி நுனிக்கு வந்து, வெறும் வட்டங்கள் வழியே உற்றுப் பார்க்கிற மச்சினனும் தெரிந்தான். தேர்வு எழுதுகிற பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான். இமைக்கவே இல்லை.

ஐந்து விரலை விரித்தால் போதும். "தெரியுது மாமா!" என்று கத்துவான். வேன் ஓடும். எல்லாம் சரியாகிவிடும். எலும்பு சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி பின்னால் வருவான், அந்தக் கையை நம்பி.

"காட்டிட்டீங்களா மாமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"காட்டல மாப்ளே," என்றார் அவர் சுவரிடம். "அன்னிக்கும் காட்டல. ஜல்லியப் பாத்தேன். பாத்துட்டுத்தான் காட்டல."

சுவர்க்கண்ணாடிக்குள் மச்சினன் மெதுவாக வலது கையைத் தூக்கிச் சட்டத்தைக் கழற்றப் பார்த்தான். அது இரண்டு கையால் கழற்ற வேண்டிய சாமான். ஒரு பக்கம் விடுபட்டு, மறுபக்கம் காதில் மாட்டிக்கொண்டு, கன்னத்தில் தொங்கி ஆடியது. அதை எடுத்துவிட வேண்டுமென்று அவர் கை கிளம்பியது; ஓரங்குலம் வந்து, அங்கேயே நின்றது.