அண்ணனின் நாய்

நாயின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி என் மனைவி ஃபிடெல்மா என்னிடம் சொன்னாள். சமையலறைத் தரையில் பழைய மெத்தையைப் போட்டு நாயை அதன்மேல் கிடத்தியிருந்தோம். காதுகள் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் வெறும் சதைதான் இருந்தது. பந்தய நாயின் காதில் அடையாள எண் பச்சைகுத்தியிருக்கும்; அதனால் வேர்வரை அறுத்திருந்தார்கள். டாக்டர் போட்ட தையல்களுக்கு நடுவே நீர் கசிந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ஃபிடெல்மா உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு தையலாகத் துடைத்தாள். இடது கண்ணுக்கு மேலே, குண்டு மண்டையோட்டை உரசிக்கொண்டு போன தடம் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. பிடரியில் இன்னொரு வெட்டு. தோலுக்கடியில் வைத்த அடையாள சிப்பைத் தேடி அங்கே கத்தியால் தோண்டியிருக்கிறார்கள். நாய் ஒருமுறைகூட முனகவில்லை. கண்ணைத் திறந்தபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நெஞ்சு மட்டும் என் உள்ளங்கைக்குக் கீழே படபடவென்று அடித்தது.

கைவிடப்பட்ட கல்குவாரியில், தேங்கிய தண்ணீரின் ஓரமாக அது கிடந்திருக்கிறது. வேலி போட வந்த ஒருவர் முதலில் செத்த ஆடு என்று நினைத்தாராம். நாய்களை மீட்கும் சங்கத்தார் ஃபிடெல்மாவைத்தான் கூப்பிட்டார்கள். முதியோர் இல்லத்தில் சமையல்காரி அவள். ஆறு வருடங்களாக, ஓடி முடித்த கிரேஹவுண்டு பந்தய நாய்களை வீட்டில் வைத்துப் பழக்கி, ஸ்வீடனிலோ இத்தாலியிலோ யாராவது தத்தெடுக்கும்வரை பார்த்துக்கொள்கிறாள். கொட்டிலிலேயே பிறந்து வளர்ந்த கிரேஹவுண்டுக்கு வீடு என்றால் என்னவென்று தெரியாது. கண்ணாடிக் கதவில் போய் மோதும். மாடிப்படியின் கீழே நின்று அழும். கெட்டிலில் தண்ணீர் கொதித்தால் மேசைக்கடியில் புகுந்துகொள்ளும். ஒரு மாதம் போனால் அதே நாய் சோபாவில் நாலு காலையும் மேலே தூக்கிப் போட்டுத் தூங்கும். அப்படித் தூங்கக் கற்றுக்கொண்டு ஒன்பது நாய்கள் எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கின்றன. வேன் கிளம்பும்வரை ஃபிடெல்மா சிரித்துக்கொண்டே நிற்பாள். பிறகு கோழிக்கூண்டைக் கழுவப் போய்விடுவாள். அன்று முழுக்க அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

பின்னங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கும்போதுதான் நான் அந்தத் தழும்பைப் பார்த்தேன். வலது காலின் உட்பக்கம், அரைநிலா வடிவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு. நாலு வருடங்களுக்கு முன்னால், மார்ச் மாதத்தில், என் அண்ணன் டெர்மட்டின் கொட்டிலில் ஆறாவது குட்டியாக இந்த நாய்தான் மூச்சில்லாமல் வந்து விழுந்தது. தூக்கிப் போடு என்றான் டெர்மட். நான் கேட்கவில்லை. வைக்கோலால் தேய்த்துத் தேய்த்து, மூக்கில் வாய் வைத்து ஊதி, மூச்சு வரவைத்தேன். மூன்றாம் மாதத்தில் உடைந்த வாளியின் விளிம்பு காலைக் கிழித்தபோது தைத்தவனும் நான்தான். மின்னி என்று பெயர் வைத்தோம்.

"யாருக்கு மனசு வந்திருக்கும் இதுக்கு?" என்றாள் ஃபிடெல்மா.

யாராவது ஒரு பாவியாக இருப்பான் என்றேன். என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது.

டெர்மட் என்னைவிட நாலு வயது மூத்தவன். எங்கள் அப்பா அடிப்பதற்கென்றே கதவுக்குப் பின்னால் ஒரு தடி வைத்திருந்தார். மாடு, நாய், பிள்ளைகள் என்று அவர் பேதம் பார்த்ததில்லை. எனக்குப் பத்து வயதில் நான் கேட்டை மூட மறந்து, ஒரு கன்று சதுப்புக் கால்வாயில் விழுந்து செத்தது. நான்தான் மறந்தேன் என்று டெர்மட் முன்னால் போய் நின்றான். அப்பா அவன் வலது கையைக் கல்தொட்டிமேல் வைக்கச் சொல்லி அடித்தார். இரண்டு விரல்கள் உடைந்தன. யாரும் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. அவை கோணலாகவே கூடிக்கொண்டன. இன்றைக்கும் அவனால் தேநீர்க் கோப்பையின் காதுக்குள் அந்த விரல்களை நுழைக்க முடியாது. நாய் யாருடையது என்று நான் வாயைத் திறக்காததற்கு இதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அவனிடம் இன்னும் பயம்.

ஃபிடெல்மா அதற்குப் பெஸ் என்று பெயர் வைத்தாள். பன்னிரண்டு நாட்கள் பெஸ் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையிலேயே கிடந்தது. அறையில் யாரும் இல்லாதபோது மட்டும் சாப்பிட்டது. ஃபிடெல்மா தினமும் வேலைவிட்டு வந்து, அதன் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, செய்தித்தாளில் வரும் இரங்கல் பக்கத்தை உரக்கப் படிப்பாள். குரல் பழகட்டும் என்பாள். நான் பால் டேங்கர் ஓட்டுகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் அண்ணனின் பண்ணையைத் தாண்டித்தான் போக வேண்டும். வழக்கம்போல வணக்கத்துக்கு ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவேன். முற்றத்தில் நிற்கும் அவனும் பதிலுக்கு விரலை உயர்த்துவான். அந்தப் பன்னிரண்டு நாளில் ஆறு முறை உயர்த்தினேன்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் உடம்பு முழுக்க இன்னொரு தடவை சோதித்துப் பார்த்தார். சிப் பிடரியிலிருந்து நழுவி முழங்கை மூட்டுக்குப் பக்கத்தில் வந்து தங்கியிருந்தது. சிப்பின் எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தால் டெர்மட் டூஹி என்று பெயர் வந்தது. ஃபிடெல்மா வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னாள். திங்கட்கிழமை விசாரிக்க விலங்கு நல அதிகாரி வருவாராம். உன் அண்ணன்தான், மாலக்கி, என்று சொல்லும்போது எனக்கு ஆறுதலாக என் தோளில் கை வைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதிர்ச்சியில் உட்கார்ந்ததாக அவள் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊரில் எந்தச் செய்தியும் திங்கட்கிழமைவரை காத்திருக்காது. சனிக்கிழமை மதியம் டெர்மட் வந்தான். நான் பின்முற்றத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். ஃபிடெல்மா சமையலறை வாசற்படியில் நின்று தட்டிலிருந்த கிழங்குத் தோலைக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, பின்னால் கவனமாகத் தாழ்ப்பாளும் போட்டான்.

"நாயைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றான்.

"உன் நாய் எதுவும் இங்க இல்ல, டெர்மட்."

"என் பேருல சிப் இருக்குதாமே. அப்ப என்னோடதுதான."

"காதை அறுக்கும்போது அது தெரியலையா?"

அவன் சத்தம் போடவில்லை. களைத்த மாதிரிதான் இருந்தான். "நாலு பந்தயம் கடைசியா வந்த நாயை என்ன பண்ணச் சொல்ற? உன்ன மாதிரி மெத்தை போட்டுப் படுக்க வைக்கவா? எங்கப்பன் எங்களுக்கே போடலம்மா."

பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து, மெல்ல ஒரு விசில் அடித்தான்.

உள்ளே நகங்கள் தரையில் கீறும் ஓசை கேட்டது. பன்னிரண்டு நாளாக அந்த மூலையைவிட்டு ஒருமுறைகூடத் தானாக வெளியே வராத நாய், ஃபிடெல்மாவின் காலைத் தாண்டி, வயிறு தரையில் உரச, வாலின் நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டு அவனிடம் போனது. போய் அவனுடைய பூட்ஸ்மேல் தலையை வைத்தது. டெர்மட் குனிந்தான். தலையைத் தடவப் போன கை தழும்புகளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அவன் முகம் அப்போது எப்படியோ ஆனது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டுவிட்டேன். அடுத்த நொடி அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து அதன் கழுத்தில் மாட்டினான்.

ஃபிடெல்மா பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவனைவிட ஒரு முழம் குட்டை அவள். ஆனாலும் விடவில்லை.

"என்னை எதுக்குடி முறைக்கிற?" என்றான் டெர்மட். "உன் புருஷனக் கேளு. செத்து விழுந்த குட்டியத் தேய்ச்சு உயிர் குடுத்தவன் அவன்தான். தூக்கிட்டு வந்த அன்னைக்கே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், இது யாரோடதுன்னு."

அவள் என் பக்கம் திரும்பினாள். என் தோளில் கை வைத்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"தெரியுமா உனக்கு?"

நான் காலடியில் கிடந்த கிழங்குகளைப் பார்த்தேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பலம் கொண்டமட்டும் இழுத்தாள். டெர்மட் அவள் மார்பில் கைவைத்துத் தள்ளினான். அவள் பின்னால் சாய்ந்து வாசற்படியின் கல்விளிம்பில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் காய்ந்த சுள்ளியை ஒடித்ததுபோல எனக்குக் கேட்டது.

என் கையில் மண்வெட்டி இருந்தது. அதன் இரும்பின் பின்பக்கத்தால் அவன் தோளில் அடித்தேன். திரும்பினான். அடுத்த அடி தாடையில் விழுந்தது. எலும்பு உள்ளே போவதைக் கைப்பிடி வழியாக உணர்ந்தேன். அவன் மண்டியிட்டு, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, கிழங்குகளின் நடுவே விழுந்தான். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. விலாவில் அடித்தேன், முதுகில் அடித்தேன். அவன் தலையைக் காக்கக் கையைத் தூக்கியபோது அந்தக் கோணல் விரல்கள்மேலும் அடித்தேன். எனக்குக் கோபமே இல்லை. வேலை செய்வதுபோல அடித்துக்கொண்டிருந்தேன். கிரேஹவுண்டு அலறிக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது நாயின் குரலாக இருக்காது, குழந்தையின் குரலாக இருக்கும். பெஸ் அவன் தலைமாட்டில் நின்று அப்படி அலறியது. கல்குவாரியில்கூட அது அப்படி அலறியிருக்காது. மண்வெட்டி என் கையிலிருந்து விழுந்தது. நாய் வாயை மூடி, அவன் முகத்திலிருந்த இரத்தத்தை நக்க ஆரம்பித்தது.

டெர்மட் ஆஸ்பத்திரியில் கொட்டில் கூரையிலிருந்து விழுந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் அவனால் பேச முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அவன் கட்டிலருகே போய் நின்றபோது, இடது கையால் தாளை இழுத்துப் பெரிய எழுத்தில் எழுதினான். நாய்களுக்குத் தீனி போட்டாயா என்று கேட்டிருந்தான். போட்டேன் என்றேன். திரும்பவும் தாளை வாங்கி, அதன் கீழே எழுதினான்: அப்பா மாதிரியே அடிக்கிறாய். எழுதிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஃபிடெல்மாவை அவள் தங்கை வந்து கூட்டிப்போனாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் பெஸ் படுத்திருந்தது. நான் அவளுக்காகத்தான் அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அதை என் தலையில கட்டாத" என்றாள். "நான் போறது நீ அடிச்சதுக்காக இல்ல, மாலக்கி. பன்னெண்டு நாள் எல்லாம் தெரிஞ்சே என் பக்கத்துல உக்காந்திருந்த, நானும் நீயும் சேர்ந்து அந்தத் தையலைத் துடைச்சமே. அதுதான்." ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டியவர்களிடம் போய்ச் சொல்லும்படி சொன்னாள். சொன்ன பிறகு என்ன என்பதை அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை போலீஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். தழும்பை அடையாளம் கண்டது, வாயை மூடிக்கொண்டிருந்தது, மண்வெட்டி. அங்கிருந்த பெண் போலீஸ் எழுதுவதை நிறுத்தி, கூரையிலிருந்து விழுந்ததாக உன் அண்ணன் எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறாரே என்றாள். அவன் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்றேன். எத்தனை அடி என்று கேட்டாள். எண்ணவில்லை என்றேன். கூப்பிட்டனுப்புவோம், ஊரைவிட்டுப் போகாதே என்றாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அண்ணனின் பண்ணையிலிருந்த மீதி நாய்களைக் கொண்டுபோக மீட்புச் சங்கத்தின் வேன்கள் வருவதாகச் சொன்னார்கள். நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ரொட்டியும் இறைச்சியும் பிசைந்து வாளியில் எடுத்துக்கொண்டு, கொட்டிலின் இரண்டு வரிசையிலும் இருந்த பதினொரு கதவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிட்டேன். எதிரே திறந்த புல்வெளி. ஒரு நாளாவது, பின்னால் யாரும் நிற்காமல் ஓடட்டும் என்று நினைத்தேன்.

ஒன்றும் வெளியே வரவில்லை. வாசற்படியைத் தாண்டாமல், முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றன. நான் கூப்பிட்டேன். வாளியைத் தட்டினேன். பக்கத்திலிருந்த கறுப்பு நாய் மட்டும் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது. வாளியை வைத்துவிட்டு நான் கிட்டே போனதும், கண்ணை மூடி, பந்தயத்துக்குக் கூட்டிப்போகும்போது மாட்டும் வாய்க்கூட்டுக்காக முகத்தைத் தூக்கிக் காட்டியது. சுவரில் ஆணிகளில் வாய்க்கூடுகள் வரிசையாகத் தொங்கின. என் கைகள் காலியாக இருந்தன. மழை அதன் நெற்றியில் விழுந்து வழிந்தது. அது முகத்தை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.