ஒரு மைல் வடக்கே

தனசீலன் யாரையும் நம்ப மாட்டான். கட்டிங் டீ வந்தால்கூட கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். அப்படிப்பட்ட மனுஷன் கம்ப்யூட்டர் வாங்கக் குர்லாவுக்குப் போனால் கடைக்காரன் கதி என்ன ஆகும், சொல்லுங்கள்.

அவன் படகின் பெயர் பனிமயம். அதில் வழிகாட்டிக்கொண்டிருந்த பழைய ஜி.பி.எஸ். பெட்டியின் திரை பாதி கறுத்துப் போயிருந்தது. பெட்டி போனால் போகட்டும், உள்ளே கிடக்கும் புள்ளிகள் போனால் பிழைப்பே போச்சு. கடலுக்கடியில் பாறை கிடக்கும் இடத்தைப் பார் என்பார்கள். மீன் கூடுவது அங்கேதான். வலை கிழிந்து கிழிந்து ஒவ்வொரு பாராகக் கண்டுபிடித்து எண்ணாகப் பதிந்து வைத்திருந்தான். மாட்டுங்கா லேபர் கேம்பில் அவன் வீட்டு அடுப்பு எரிவதே அந்தப் புள்ளிகளால்தான்.

“பெட்டி வேண்டாம் அத்தான். லேப்டாப்பும் சாஃப்ட்வேரும் வாங்குவோம். பெரிய திரையில நல்லாத் தெரியும்” என்று ஆரம்பித்தவன் கிறிஸ்டோ, பெண்டாட்டியின் தம்பி. படகில் தனசீலனுக்கு அடுத்தபடி அவன்தான். என் புள்ளி இவனுக்கு எதுக்குப் பெரிசாத் தெரியணும் என்று தனசீலனுக்கு அன்றைக்கே உறுத்தல் தொடங்கிவிட்டது.

கடைக்காரன் சைஃப் தாராவிக்காரன், வீட்டில் திருநெல்வேலித் தமிழ். “அண்ணாச்சி, போட்டுக்கு ஹார்ட் டிஸ்க் ஆவாது. எஞ்சின் அதிருற அதிர்வுல செத்துரும். எஸ்.எஸ்.டி. போட்டதுதான் தாங்கும். சாஃப்ட்வேர் ரெண்டு இருக்கு. ஒண்ணு வருசா வருசம் துட்டு கட்டணும், இன்டர்நெட்ல லாகின் செய்யணும். இன்னொண்ணு ஃப்ரீ.”

“ஃப்ரீயா? சும்மா எவன் தருவான்? நம்ம புள்ளிய எடுத்துக்கிடுவான், அதான?”

“இது இன்டர்நெட்டே இல்லாம ஓடும். துட்டு வாங்குறதுலதான் எல்லாம் கிளவுடுக்குப் போவும்.”

“கிளவுடுன்னா, எவன் வீட்டுல இருக்கு?”

“அமெரிக்காவுலயோ எங்கயோ.”

“யம்மாடி, அது வேண்டவே வேண்டாம்!”

மனசே இல்லாமல் ஃப்ரீயை ஒத்துக்கொண்டான். கிறிஸ்டோவை டீ வாங்கி வர வெளியே விரட்டிவிட்டு, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பழைய பெட்டியைப் பார்த்துப் பார்த்துத் தானே புள்ளிகளை ஏற்றினான். அங்கேதான் தன் வேலையைக் காட்டினான். வடக்கு தெற்கு சொல்லும் எண்ணின் நிமிட இடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றைக் கூட்டிப் போட்டான். அப்படிப் போட்டால் எல்லாம் ஒரு கடல் மைல் வடக்கே தள்ளி விழும். கணக்கு அவன் தலைக்குள் இருக்கும். திருடுகிற நாய் வெறுங்கடலில் வலை போட்டுச் சாகட்டும்!

ஏற்றி முடித்து, லேப்டாப்பைத் தெரு வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தான். திரையில் அவன் மீசைதான் தெரிந்தது. “கடல்ல போய் நா மூஞ்சியா பாக்கப் போறேன்? இத நீயே வச்சு அழு” என்று சைஃபிடம் தள்ளினான். வெளிச்சத்துக்கு ஈடு கொடுக்கிற வேறொன்று வந்தது. அதிலும் முதலிலிருந்து எல்லாப் புள்ளிகளையும் ஒன்று கூட்டி ஏற்றினான். அதோடு விட்டானா? “அந்த இன்டர்நெட் சாமானப் பிடுங்கு” என்றான். சைஃப் தலையில் அடித்துக்கொண்டு மூடியைக் கழற்றி, நகம் அளவுள்ள வைஃபை கார்டை எடுத்துக் கொடுத்தான். தனசீலன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாத்தானையே பிடித்து அடைத்தவன் மாதிரி நிமிர்ந்தான்.

வெளியே வந்தால் எதிரே பூலோகம். ஆண்டாப் ஹில்காரன், பக்கத்துப் படகின் ஓட்டி. “அண்ணாச்சியும் கம்ப்யூட்டரா? நானும் ஒண்ணு பாப்பமேன்னு வந்தேன்” என்று சிரித்தான். இவன் வருவது தெரிந்து வருகிறானா? தனசீலன் திரும்பி டீயோடு நின்ற கிறிஸ்டோவைப் பார்த்தான். சும்மா பார்க்கவில்லை, போலீஸ்காரன் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தான்.

“அத்தான், நா வீட்டு ஆளா, வெளியாளா?” என்றான் கிறிஸ்டோ. தனசீலன் டீயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

படகில் லேப்டாப்பை மாட்டின வாரமே தனசீலனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். தையலோடு வீட்டில் படுத்துக் கிடந்தான். காலையில் கிறிஸ்டோ படகை எடுத்துப் போனான். பாஸ்வேர்டைச் சொன்ன தனசீலன், கூட்டிப் போட்ட ஒன்றைச் சொல்லவில்லை. வெறுங்கடல்ல சுத்திட்டு வரட்டும், ஒரு நாள் மீன் போனா என்ன என்று நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் கஞ்சி கொடுக்க வந்த பெண்டாட்டி ஜோஸ்பினிடம் தன் சாமர்த்தியத்தை வாய் நிறையச் சொன்னான். அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாப் புள்ளியையுமா தள்ளி வச்சிய?”

“எல்லாத்தையும்தான்.”

“போன வருசம் நம்ம வலையப் பிச்ச அந்த இரும்புக் கப்பல்? தண்ணிக்குள்ள ஈட்டி மாதிரி நிக்கின்னு சொன்னியளே, அதையுமா?”

தனசீலன் தையலை மறந்து எழுந்து உட்கார்ந்தான். அதையும்தான். திரையில் பார்க்கிறவன் கப்பலுக்கு ஒதுங்குகிறேன் என்று தெற்கே போவான். நிஜக் கப்பல் தெற்கேதான் கிடக்கிறது. மரப்படகு, ஏறினால் கிழிந்துவிடும்.

“திருடனுக்கு வச்சிய, சரி. என் தம்பிக்கு என்ன வச்சிய?” என்று கத்தினாள் அவள்.

போன் எட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்ஸியில் பாவ்சா தக்கா படகுத்துறைக்குப் போனார்கள். மீனவர் சங்கத்து அறையில் வயர்லெஸ் இருந்தது. எத்தனை முறை கூப்பிட்டும் கிறிஸ்டோ பேசவில்லை. கரகரப்புக்கு நடுவே வந்தது பூலோகத்தின் குரல்.

“அண்ணாச்சி, ஒங்க போட்டு என் பின்னாலதான் வருது, அதுல வயர்லெஸ் பேச மாட்டேங்கு. என்ன சொல்லணுமோ சொல்லுங்க, நா அவன்கிட்ட கத்திச் சொல்லுதேன்.”

எல்லாப் படகும் கேட்கும் வயர்லெஸ். அதுவும் பூலோகத்திடமா? “எந்தப் பக்கமா போறிய?” என்று மட்டும் கேட்டான் தனசீலன்.

“கொஞ்சம் தெக்க ஒதுங்கிப் போறோம்.”

“ஏன் தெக்க?”

“வடக்க ஒடஞ்ச கப்பல் கெடக்குல்லா அண்ணாச்சி.”

ஒடஞ்ச கப்பல். அந்தப் பெயரை வைத்ததே தனசீலன். வேறு எவனுக்கும் அது தெரியாது. கண் முன்னால் குர்லாக் கடை மேஜையில் மூடிக் கிடந்த முதல் லேப்டாப் வந்து நின்றது. வைஃபை கார்டைப் பிடுங்கத் தெரிந்தவனுக்கு அதில் ஏற்றின புள்ளிகளை அழிக்கச் சொல்லத் தோன்றவில்லையே! அதை வாங்கின பூலோகம் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான். அவன் பின்னாலேயே கிறிஸ்டோவும் போய்க்கொண்டிருக்கிறான்.

“ஏல பூலோகம், எஞ்சின அமத்து!” என்று தையல் பிய்ந்துபோகிற மாதிரி கத்தினான். “எல்லாம் பொய்ப் புள்ளில! ஒரு மைல் வடக்கத் தள்ளி வச்சிருக்கேன். கப்பல் தெக்க கெடக்கு, ஒனக்கு நேரா கெடக்கு! நிறுத்து! அவனையும் நிறுத்து!”

அந்தப் பக்கம் பூலோகம் தன் ஆட்களைப் பார்த்துக் கூப்பாடு போடுவது கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ஜோஸ்பின் புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நின்னுட்டோம் அண்ணாச்சி” என்றான் பூலோகம் கடைசியில். “முன்னால தண்ணி சுழிச்சிக்கிட்டுக் கெடக்கு. ஒங்க போட்டும் நின்னுட்டு.” கொஞ்சம் தயங்கினான். “குர்லாவுல வாங்கின லேப்டாப்ல ஏற்கனவே இருந்துச்சு. யாரோடதுன்னு நா கேக்கல.”

ஜோஸ்பின் புருஷன் கையிலிருந்த மைக்குக்கு நேராகக் குனிந்தாள்.

“கிறிஸ்டோகிட்ட கம்ப்யூட்டர் இருக்குல்லா? அவன் ஏன் ஒன் பின்னால வந்தான்?” என்று கேட்டாள் ஜோஸ்பின்.

“அவன் அதத் தொறக்கவே இல்லக்கா. அத்தான் அன்னைக்குப் பாத்த பார்வைக்கு இதத் தொட்டா நா மனுசனே இல்லன்னுட்டான். அதான் என்னைய நம்பி வாரான்.”

தனசீலன் மைக்கைக் கீழே வைக்கவில்லை. கண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருக்க, உடைந்த குரலில் சொன்னான்.

“அத்தான் சொன்னேன்னு அவனத் தொறக்கச் சொல்லு பூலோகம். எல்லாத்துலயும் ஒண்ணு கழிச்சுப் படிக்கச் சொல்லு.”