இப்பத் தெரியுதாப்பா?

காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஆம்ப்ளிஃபயரில் கடைசித் திருகை முறுக்கிக்கொண்டிருந்தாள் மகள். முன்சீட்டில் அப்பா, முகம் மழித்து, எங்கோ பயணம் கிளம்பியவர்போல உட்கார்ந்திருந்தார்.

தறிச் சத்தம் அவர் காதைத் தின்று பல வருஷமாயிற்று. அம்மா போனபிறகு வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், பேச்சுத்தான் இல்லை. கார் ஆடியோ கடையில் வேலை செய்யும் மகள், போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் வண்டியை வாசலில் நிறுத்தியபோது, அப்பா தற்செயலாகக் கதவில் கை வைத்தார். "பாட்டு ஓடுதும்மா," என்றார். அன்றைக்கே தன் காருக்கு, அதிர்வைக் கூட்டும் சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவிட்டாள்.

ஃபோனில் பாட்டைப் போட்டாள். பாடகர் குரல் வந்தது. அடியில் கனம் இல்லை.

அப்பா சீட்டில் உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தார். "ஒண்ணும் வரலையே. எனக்கு அதுவும் போயிடுச்சோ?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அவள் அவர் காதருகே குனிந்து கத்தினாள். "உங்க மேல தப்பில்லப்பா. நான்தான் சொதப்பிட்டேன்."

"சரி சரி," என்றார். எதைச் சொன்னாலும் அவர் சொல்வது அதுதான்.

டிக்கிக்குத் திரும்பினாள். ஒரு ஸ்பீக்கரின் சவ்வு முன்னால் வரும்போது இன்னொன்றின் சவ்வு உள்ளே போனது. ஒன்றில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன; ஒன்றின் அதிர்வை மற்றது விழுங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் மாட்டுகிறவள், சொந்த வண்டியில் கோட்டைவிட்டிருந்தாள். வயர்களை மாற்றி முறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி போட்டாள். நம்பர் பிளேட் கடகடத்தது. நெஞ்சுக்குள் தும் தும்மென்று இறங்கியது.

"இப்பத் தெரியுதாப்பா?"

அவருக்குக் காது கேட்காதே என்று நினைவு வந்து முன்பக்கம் ஓடினாள். அப்பா கண்மூடிச் சாய்ந்திருந்தார். தொடைமேல் கிடந்த விரல்கள் தாளத்துக்குத் துடித்தன. அவள் சத்தமில்லாமல் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக் கேட்டு எவ்வளவு காலம்! ரசிக்கட்டும் என்று விட்டாள்.

பாட்டு முடிந்தது. விரல்களும் நின்றன.

அவள் அந்தக் கையைத் தொட்டாள். பிறகு மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, எங்க வீட்டு ஜன்னலெல்லாம் ஆடுது," என்று வந்த பக்கத்து வீட்டுக்காரர், குனிந்து பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "அப்பாவுக்கு என்னாச்சு?"

"சரியாத்தான் மாட்டினேன் மாமா," என்றாள். "அப்பா போனது அதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னுதான் தெரியல."

அடுத்த பாட்டு தானாகத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் அதை நிறுத்தக் கை நீட்டினார்.

"இருக்கட்டும் மாமா."

நம்பர் பிளேட்டோடு சேர்ந்து அப்பாவின் விரல்கள் மறுபடி அசைந்தன.