விழாத நுரை

நுரை மறுபடியும் செத்துப்போனது. அத்தாயி கொட்டாங்கச்சியை வாசல் கல்லில் வைத்துவிட்டு அதை முறைத்தாள். இப்போதுதான் விளிம்புவரை பொங்கி நின்றது, அதற்குள் அடியில் வெள்ளைத் தண்ணீராகக் கிடந்தது. எதிரே குந்தியிருந்த அவள் புருஷன் அர்த்தனாரியின் இடது கன்னத்தில் தாடி கொஞ்சம் போயிருந்தது, அந்த இடத்தில் மூன்று கீறல்களில் ரத்தம் பூத்திருந்தது.

"எரியுதுங்களா?"

"எரியட்டும். நீ செய்யி."

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பொன்னாயி மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டாரோடு யாரும் பேசக்கூடாது என்று ஊர்க்கட்டு. அதனால் அவள் தன் மாட்டிடம் சொன்னாள். "பாத்தியா சாமி, மூஞ்சிய உரிக்கறாளா, பலாப்பழத்த உரிக்கறாளா?" மாடு பதில் சொல்லவில்லை. அத்தாயிக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் ஒரு வீட்டைத் தள்ளி வைத்தால் பேச்சோடு மூன்று நின்றுபோகும்: அண்டை வீட்டு நெருப்பு, பொதுச் சுனைத் தண்ணீர், நாவிதரின் கத்தி. நெருப்புக்குத் தீப்பெட்டி இருந்தது. தண்ணீருக்குக் கீழே ஓடை இருந்தது, இறங்கி ஏறினால் முட்டி வலிக்கும், அவ்வளவுதான். தாடிதான் ஆளைக் காட்டிக் கொடுத்தது. அது நீள நீள, பார்க்கிறவர்களுக்கெல்லாம் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டே வரும். ஆடி நோன்பன்று தாடியோடு ஊர் கூடும் மந்தைக்குப் போய் சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழவேண்டும். ஊர்க்கவுண்டர் தலையசைத்தால் நாவிதர் சின்னுசாமி அங்கேயே உட்காரவைத்து மழித்துவிடுவார். மழித்த முகத்தோடு எழுந்தால் பழையபடி ஊர்க்காரன்.

அர்த்தனாரி செய்த குற்றம் இதுதான். மகள் பாப்பாத்தி வைகாசியில் முன்பல் இரண்டும் போய், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். பல்லை உடைத்தவன் அவள் புருஷன், ஊர்க்கவுண்டர் அப்பாசாமியின் அக்காள் மகன். பெண்ணைத் திருப்பி அனுப்பு என்றது சபை. "அனுப்ப மாட்டேனுங்க" என்றான் அர்த்தனாரி. அவன் வாழ்நாளில் சபையில் பேசிய ஒரே பேச்சு அது. அவன் போய் விழுந்தால் மகள் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும்.

"தப்புப் பண்ணுனவன் மூஞ்சியோட எம் புருசன் திரிய மாட்டான்" என்று அன்றைக்கே அத்தாயி சொல்லிவிட்டாள். பலாமரத்திலிருந்து விழுந்ததில் அர்த்தனாரிக்கு வலது முழங்கை மடங்காது, தானே மழித்துக்கொள்ள வழியில்லை. அதனால் மிளகு விற்கக் கீழே சந்தைக்குப் போனவன், யுத்தம் முடிந்து விலைக்கு வந்த பட்டாளத்துச் சரக்கில் ஒரு பிரஷ்ஷும், பிளேடு மாட்டும் ரேசரும், ஒரு வில்லைச் சவர சோப்பும் வாங்கி வந்தான். "நுரை நல்லா வந்தா கத்தி தானா ஓடும்னு கடைக்காரன் சொன்னான்." நல்ல நுரை எது என்று அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அத்தாயிக்குத் தெரிந்த நுரை துணி வெளுக்கும் பூந்திக்கொட்டை நுரைதான். தண்ணீரை ஊற்றி அலசினால் குப்பென்று பொங்கும், குமிழி பெரிதாக இருந்தால் கொட்டை நல்ல கொட்டை. அதே கையோடு இங்கும் தண்ணீரை ஊற்றினாள். சொட்டச் சொட்ட பிரஷ்ஷை முக்கினாள். பெரிய பெரிய குமிழியாக வந்ததும் கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். அந்த நுரை தாடிக்குள் இறங்காமல் கழுத்து வழியாக ஓடி வேட்டியை நனைத்தது. காய்ந்த மயிரில் பிளேடு இழுத்தது.

முகத்தில் இனி சோதனை வேண்டாம் என்று அவன் கால்களை மழித்துப் பழகினாள். அடுத்த பத்து நாளில் அர்த்தனாரியின் இரண்டு கால்களும் முழங்கால்வரை பச்சைக்குழந்தைக் கால்போல ஆகிவிட்டன. அவன் வெட்கப்பட்டு வேட்டியை இறக்கிக் கட்டினான். நுரை மட்டும் பிடிகொடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தபோது அவள் கை சட்டென்று நின்றது. களிக்கு யாராவது தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றுவார்களா? கொஞ்சம் தெளிப்பார்கள், கிண்டுவார்கள், கை ஓய்ந்தாலும் விடமாட்டார்கள். துடுப்பைப் பாப்பாத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து உதறினாள். சோப்பில் தேய்த்துக் கொட்டாங்கச்சியில் சுழற்றினாள். முதலில் ஒட்டும் பசையாக வந்தது. விரல் நுனியால் இரண்டு சொட்டு தெளித்தாள், சுழற்றினாள். குமிழி வந்தது. முன்னெல்லாம் அங்கே நிறுத்துவாள், இப்போது நிறுத்தவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தபோது குமிழியெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கொட்டாங்கச்சியில் தயிர்போலக் கெட்டியாக, மினுமினுப்பாக ஒன்று மிஞ்சியது. அதைக் குப்புறக் கவிழ்த்தாள். விழவில்லை.

"கண்ணு, இங்க வந்து பாரு!" அவள் போட்ட சத்தத்தில் களி அடிப்பிடித்துவிட்டது.

மிச்சத் தாடியை அன்றே எடுத்துவிடலாம் என்று அர்த்தனாரி மோவாயை நீட்டினான். அவள் பிரஷ்ஷைக் கழுவி வைத்தாள்.

"இங்க வேண்டாமுங்க. மந்தையில வச்சுக்கலாம்."

ஆடி நோன்பன்று மந்தை நிறைந்திருந்தது. சின்னுசாமி தன் பெட்டியோடு ஓரமாக நின்றார். அர்த்தனாரி வந்தான், விழவில்லை, நடுவில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தான். ஊர்க்கவுண்டர் அப்பாசாமி தொண்டையைச் செருமினார்.

"பொண்ண எப்ப அனுப்பற?"

"அனுப்பலீங்க."

"அப்பத் தாடியோடவே கெட." இரண்டொருவர் சிரித்தார்கள்.

அத்தாயி கூடையை இறக்கினாள். வெந்நீர்ச் சொம்பு, கொட்டாங்கச்சி, பிரஷ், ரேசர், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கல்லின்மேல் பரப்பினாள். பாப்பாத்தி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அப்பனுக்கு எதிரில் நின்றாள்.

"ஏ புள்ள, பொம்பள கத்தி எடுக்கறதா? நாட்டு வழக்கத்துலயே இல்ல!" சபையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"பொண்ணு பல்ல ஒடைக்கறது வழக்கத்துல இருக்குதுங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தாடியை ஒட்டக் கத்தரித்தாள், வெந்நீரை ஒற்றினாள், நுரை எழுப்ப ஆரம்பித்தாள். சுழற்றினாள், சுழற்றிக்கொண்டே இருந்தாள். நிறுத்து என்று சொல்ல எழுந்தவர்கள்கூட அது என்னவாகிறது என்று எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குப் பயம் இருந்தது. இன்றைக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் இந்த ஊர் தலைமுறைக்கும் சிரிக்கும் என்று தெரியும். ஆனாலும் நுரையைப் பூசி ரேசரை எடுத்தாள்.

கன்னம் முடிந்தது. தாடை வளைவில் ரேசர் தட்டி நின்றது. அத்தாயி தலையைத் தூக்கினாள். சின்னுசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்கட்டு இருக்கும்போது அவர் வாயைத் திறக்க முடியாது. தன் காதோரத் தோலை இரண்டு விரலால் மேலே இழுத்துப் பிடித்துக் காட்டினார். அவள் அப்படியே இழுத்துப் பிடித்தாள். ரேசர் ஓடியது. ஊர்க்கவுண்டர் திரும்பிப் பார்த்தபோது நாவிதர் காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஒவ்வொரு இழுப்புக்கும் நுரையைக் கல்லில் வழித்துப் போட்டாள். மயிரும் நுரையுமாக அது அங்கே குவிந்து நின்றது. ஆடிக்காற்று அடித்தும் அசையவில்லை.

அர்த்தனாரி மடங்காத கையை விட்டு இடது கையால் கன்னத்தைத் தடவினான். இந்தப் பக்கம் தடவினான், அந்தப் பக்கம் தடவினான். கையைப் பார்த்தான். ரத்தம் இல்லை.

பாப்பாத்தி சிரித்துவிட்டாள். வைகாசிக்குப் பிறகு அவள் வாயைப் பொத்தாமல் சிரித்தது அப்போதுதான். இரண்டு பல் இல்லாத இடம் மந்தைக்கே தெரிந்தது. சிரித்த குலுக்கலில் கண்ணாடி ஆடி, மேகத்தை விட்டு வெளியே வந்த வெயில் அதில் பட்டு, சபையின் ஒவ்வொரு முகமாகத் தாவிப்போய் அப்பாசாமியின் முகத்தில் நின்றது. அவர் கண் கூசிக் கையைக் குறுக்கே வைத்தார்.

பாப்பாத்தி கண்ணாடியைத் தாழ்த்தவில்லை.