ராஜா கீழே இருப்பான்

இடுப்பெலும்பின் பின்பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள் சொராய்தா யோந்தோப். விரல் தாராளமாகப் புரண்டது. மண்டையோடும் அதையேதான் சொன்னது. பெண். நாற்பதைத் தாண்டியவள்.

மோரோப்பே ஊருக்கு வெளியே இருந்த மண்மேட்டில் கிடைத்த பிணமூட்டை அது. ஆயிரத்து ஐந்நூறு வருஷம் பழையது. இருபது சுற்றுப் பருத்தித் துணியைப் பிரித்ததும் செம்புக் கிரீடம் ஒன்றும், பொன்தகடு போர்த்த இரண்டு கதாயுதங்களும் வந்தன. அவற்றைப் பார்த்த கையோடு, தோண்டும் பணியின் தலைவர் அவுரேலியோ புஸ்தியோஸ் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, ராஜா கிடைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டார். எலும்பு அப்போது இன்னும் பிரிக்காத உள்சுற்றுத் துணிக்குள்ளேதான் இருந்தது.

"டாக்டர், இது பொம்பளை" என்றாள் சொராய்தா.

அவர் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "பொம்பளைக்கு எதுக்கு மகளே கதாயுதம்? சோளம் இடிக்கவா?"

அவரைவிட அவள் ஆறு வயதுதான் இளையவள். இருபது வருஷமாக எலும்பு பார்க்கிறவள். அவர் எழுதிய நாலு புத்தகத்திலும் பெண்கள் நூல் நூற்றதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. இந்த மனுஷனுக்கு எலும்பைக் காட்டுவதும் ஒன்று, கழுதைக்குக் கண்ணாடி காட்டுவதும் ஒன்று என்று அவளுக்குத் தோன்றியது.

"இடுப்பெலும்பைப் பாருங்க."

"பார்த்தேன். சரி, பொண்டாட்டியா இருக்கும். புருஷனோட சாமானை அவ கூட வச்சிருக்காங்க. ராஜா கீழே இருப்பான். தோண்டுங்க."

தோண்டினார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, ஏழு வாரம். வந்ததெல்லாம் மணல். ஆட்களை மேய்க்கும் கசிமிரோ புய்க்கோன் தொப்பியால் முகத்தை விசிறிக்கொண்டே சொன்னான்: "அம்மா, அந்தாளு வேற எவளோ வீட்டுக்குக் குடி போயிட்டான் போல. டாக்டர்கிட்ட விலாசம் கேட்டுச் சொல்லுங்க, அங்கயே போய்த் தோண்டுறோம்."

ஏழாவது வாரக் கடைசியில், பிணமூட்டை கிடந்த இடத்துக்குக் கீழே காலடிப் பக்கம் ஒரு ஆணின் எலும்புக்கூடு தட்டுப்பட்டது. முதுகெலும்பு தெரிந்ததுமே புஸ்தியோஸ் தலைநகர் லிமாவுக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. சொராய்தா குழிக்குள் இறங்கி இரண்டு நாள் தூரிகையால் மண்ணைத் தள்ளினாள். தான் கண்டதை மேலே வந்து சொல்ல வாயெடுத்தாள்.

"அறிக்கையில எழுது மகளே, அப்புறம் படிக்கிறேன்" என்று அவர் கையை வீசினார்.

சரி, அப்படியே ஆகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி குழி விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். டி.வி.காரர்களும் வந்திருந்தார்கள். "இவர்தான் ராஜாவா?"

புஸ்தியோஸ் அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி சொராய்தாவின் பக்கம் திரும்பினார்.

"குப்புறக் கிடக்கான். கழுத்துல கயிறு. ரெண்டு பாதத்தையும் வெட்டியிருக்காங்க, இடத்தை விட்டு நகராம காவல் இருக்கட்டும்னு. உடம்புல ஒரு பாசிமணி இல்லை" என்றாள். "ஆட்சி பண்ணினது மேலே இருந்த அந்தம்மா. இவனை அவளுக்குக் காவலா கொன்னு போட்டிருக்காங்க. டாக்டர் ஏழு வாரமா தேடின ராஜா இவன்தான்."

குழிக்குள் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். புஸ்தியோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்க பெண்ணாட்சி நடந்திருக்கும்னு நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டுதான் இருக்கேன்."

புய்க்கோன் மணலில் துப்பினான்.

அன்று சாயங்காலச் செய்தியில் பெண்ணரசியைக் கண்டுபிடித்தவராக அவர் முகம்தான் வந்தது. மறுநாள் தாராள மனசோடு வந்தார். "என் அறிக்கையோட நன்றிப் பகுதியில உன் பேரையும் போட்டிருக்கேன்."

"வேண்டாம். எலும்பு அறிக்கை தனியா என் கையெழுத்துல போயாச்சு. அதுல உங்க பேரும் இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "எந்த இடத்துல?"

"மூணாம் பக்கம். எலும்பைப் பார்க்காம ராஜான்னு சொன்னது யாருன்னு எழுதணுமே."

அவர் அதை எடுத்துவிடச் சொல்லி அரைமணி நேரம் பேசினார். முதலில் அதட்டல், பிறகு கெஞ்சல். அவள் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் பொதிந்துகொண்டே கேட்டாள். கோபம்கூட வரவில்லை, கோபப்படும் அளவுக்கு அந்த ஆளிடம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை அவர் லிமாவுக்குப் பஸ் ஏறினார். மூணாம் பக்கம் அப்படியே இருந்தது.