கட்டைவிரலுக்கு அடியில் இருந்த வார்த்தை

குத்துச்சண்டையில் சாம்பியன் ஆனால் உலகமே தோளில் தூக்கிக்கொண்டு ஆடும் என்று அவன் நினைத்திருந்தான். பாவம், வேலை பார்க்கும் லிப்ட் கம்பெனியில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பட்டப்பெயர்தான்: 'இடைக்காலம்'. "இடைக்காலம், மூணாவது மாடி லிப்ட் நடுவுல நிக்குதாம், உனக்குத்தான் தோதா இருக்கும், போய்ப் பாரு" என்று மேஸ்திரி சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். மற்றவர்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட்டால் அடி அவ்வளவாக வலிக்காது என்பது அவன் கண்ட அனுபவம்.

ஜெயித்ததற்குக் கொடுத்த பெல்ட்டின் மஞ்சள் தகட்டில் 'சாம்பியன்' என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. அதற்கு மேலே, வேண்டாவெறுப்பாக எழுதியதுபோலச் சின்னதாக 'இடைக்கால'. ஜெயித்த அன்று மேடையிலேயே அதைக் கவனித்துவிட்டான். படம் எடுக்கும்போது கட்டைவிரல் தானாகப் போய் அந்த வார்த்தையின்மேல் உட்கார்ந்துகொண்டது. அதன்பின் எடுத்த ஒவ்வொரு படத்திலும் விரல் அதே இடத்தில்தான். ஜிம்மில் மாட்டியிருக்கும் படங்களை வரிசையாகப் பார்த்தால் விரல் பெல்ட்டோடு சேர்த்துச் செய்ததோ என்று சந்தேகம் வரும்.

விஷயம் இதுதான். அசல் சாம்பியனுக்கு இடது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. மாதக்கணக்கில் சண்டை போட முடியாது. பட்டத்தைச் சும்மா தூங்கவிடக் குத்துச்சண்டைச் சங்கத்துக்கு மனசில்லை. அதனால் அடுத்த இரண்டு இடங்களில் இருந்தவர்களை மோதவிட்டு, ஜெயித்தவனை இடைக்கால சாம்பியன் ஆக்கினார்கள். அந்த ஜெயித்தவன் இவன். அதுவும் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் புண்ணியத்தில்.

பயிற்சி மாஸ்டர் இதை அவனுக்கு விளக்கியது வேறு மாதிரி. "வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கார்டா. சாவி உன்கிட்ட இருக்கு. அவர் திரும்பி வந்தா ரெண்டு பேரும் மோதணும், ஜெயிக்கிறவனுக்கு வீடு. வரலேன்னா சண்டையே போடாம வீடு உன் பேருக்கு வந்துடும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ண மாஸ்டர்?"

"செடிக்குத் தண்ணி ஊத்து."

பத்து மாதமாகத் தண்ணீர் ஊற்றினான். கடைசியில் சங்கம் ஒரு கெடு வைத்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் சாம்பியன் உடல் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் இவனுக்கு. தோள் குணமாகக் கூடாது என்று அவன் மனசார வேண்டிக்கொண்டான். இதில் ஒரே ஒரு சிக்கல். அந்தத் தோளுக்கு பிசியோதெரபி பார்ப்பது அவனுடைய மனைவி.

அவள் அந்தத் தோளை இவன் பெல்ட் வாங்குவதற்கு முன்பிருந்தே பார்த்துவருகிறாள். "உங்க பெல்ட்டுக்காக என் பேஷண்ட்டை விட முடியாது. அவரைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தோள் குணமாகக் கூடாது, ஆனால் தன் மனைவிதான் கைராசிக்காரி என்று பெயர் வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டால் கடவுளும்தான் என்ன செய்வார்?

வாயைப் பிடுங்கிப் பார்த்தான். "இன்னிக்கு கிளினிக்ல யாராச்சும் கையை மேல தூக்கினாங்களா?"

"நீங்க தூக்குங்க. பரண்ல இருக்கிற அந்தப் பெரிய குக்கரை எடுத்துக் குடுங்க."

அவள் பாடிக்கொண்டே வீடு திரும்பினால் இவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால் உற்சாகமாகப் பாத்திரம் கழுவுவான். இப்படி ஒரு கேவலமான ஜென்மம் உண்டா என்று குழாயடியில் தன்னையே திட்டிக்கொள்வான். திட்டிக்கொண்டே கழுவுவான்.

வெட்கத்தை விட்டு, பெயர் பொறிக்கிறவரின் கடைக்கும் போனான். "இந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்க முடியுமா?" அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேய்ச்சா பள்ளம் விழும் சார். இங்க ஏதோ இருந்துச்சுன்னு இன்னும் பளிச்சுன்னு தெரியும்."

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு ஒரு உதவி வேணும். கிளினிக்ல ஒருத்தர் குத்திப் பாக்க பேட் பிடிக்கணும்."

"யாருக்கு?"

"யாருக்குன்னு உங்களுக்கே தெரியும். நான் கேக்கல, அவர் கேட்டார். உங்ககிட்ட சொல்லச் சொன்னதும் அவர்தான்."

ஒற்றன் வேலைக்கு அழைப்பு வீடு தேடி வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவன் என்ன மகானா? அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சிகிச்சை அறையில் சாம்பியன் பனியனோடு உட்கார்ந்து கைக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். போஸ்டரில் பார்த்ததைவிட ஆள் சின்னதாகத் தெரிந்தார்.

"வா தம்பி. என் ஆளுங்க பிடிச்சா சரிப்படாது. ஒவ்வொரு குத்துக்கும் 'பழையபடி இருக்குண்ணே, இடி மாதிரி இருக்குண்ணே'ன்னுவாங்க. என்கிட்ட பொய் சொல்ல உனக்கு ஒரு காரணமும் இல்ல. அதான் கூப்பிட்டேன்."

"சரிண்ணே." அவன் குத்து வாங்கும் தோல் பேடுகளை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டான். மனைவி சான்றுத் தாளோடு சுவரோரம் நின்றாள்.

பேட் பிடிப்பதில் ஒரு தந்திரம் உண்டு. குத்து வந்து விழும் நொடியில் பேட்டை நாலு விரல் முன்னே தள்ளிக் கொடுத்தால் போதும், சோப்ளாங்கி அடிகூடப் படாரென்று சத்தம் போடும். சோர்ந்து கிடப்பவனுக்குத் தெம்பு வரட்டும் என்று ஜிம்களில் வழக்கமாகச் செய்வதுதான்.

சாம்பியனின் இடது கை முதல்முறை வந்தது. கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் தட்டுவதுபோல வந்தது. பத்து மாதமாக அவன் வேண்டிக்கொண்ட குத்து அதுதான். உள்ளே வாண வேடிக்கை நடந்திருக்க வேண்டும். ஆனால் அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டான். அந்த மனிதரின் நெற்றியில் அந்த ஒரு குத்துக்கே வேர்த்திருந்தது.

இரண்டாவது குத்து வந்தபோது அவன் கை தானாக நாலு விரல் முன்னே போயிற்று. படார்! மூன்றாவதும் படார்! மனைவி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். சாம்பியனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

கையை இறக்கிவிட்டு அவனையே பார்த்தார். "உன்னைக் கூப்பிட்டதே தண்டம். எங்க ஆளுங்க பண்ற அதே வேலையைத்தானே நீயும் பண்றே?"

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதிரியாகக்கூட உருப்படியாக இருக்கத் தெரியாதவன் என்று தன்னையே நொந்துகொண்டான். "மன்னிச்சுக்குங்கண்ணே. மனசு கேக்கல."

"எனக்காகப் பாவப்படாதே. அசையாமப் பிடி."

அசையாமல் பிடித்தான். மூன்று குத்து. ஈரத்துணியைக் கல்லில் வைத்தால் அதைவிடச் சத்தம் வரும். மூன்றாவதோடு சாம்பியன் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"எழுதிடும்மா, தகுதி இல்லேன்னு" என்றார் மனைவியிடம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். பிறகு அவர் வலது கையை நீட்டி அவன் முதுகில் தட்டினார். "நல்லா இருந்தப்போ உன்கூட ஒரு தடவை மோதியிருக்கலாம் தம்பி."

"நீங்க என்னை ரெண்டாவது ரவுண்டுலயே படுக்க வெச்சிருப்பீங்கண்ணே."

"மூணாவதுல" என்று சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. இன்று முதல் தாங்களே முழுச் சாம்பியன். புதிய தகடு வேண்டுமானால் இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும். அவன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். அந்த மனிதரை ஜெயித்திருப்பானா, மூன்றாவது ரவுண்டில் மண்ணைக் கவ்வியிருப்பானா? இனி இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை. படிவத்தை அப்படியே மடித்து, பரணில் குக்கருக்கு அடியில் செருகினான்.

மறுநாள் ஜிம்முக்குப் பத்திரிகைப் படக்காரர் வந்தார். பழைய படங்களையெல்லாம் எடுத்தவர் அவர்தான். கேமராவைக் கண்ணில் வைத்தவர் உடனே இறக்கினார்.

"சார், அந்தச் சின்ன எழுத்து தெரியுதே. வழக்கம்போல விரலை வெச்சு மறைச்சுக்குங்க. இப்பதான் நீங்க முழுச் சாம்பியன் ஆயாச்சே."

"ஆமா, லெட்டர்ல அப்படித்தான் போட்டிருக்கு."

கட்டைவிரல் பழக்கதோஷத்தில் தன் இடத்துக்குப் போய்விட்டிருந்தது. அவன் அதை எடுத்து பெல்ட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டான்.

"தெரியட்டும், எடுங்க" என்றான்.