தெரிந்த வழி

இடுக்கு என்று நாங்கள் சொல்வது இரண்டு பவளப் பாறைகளுக்கு நடுவில் உள்ள வழி. கடல் ஏற்றத்தின்போது பாறைகள் இரண்டும் தண்ணீருக்குள் மறைந்துவிடும். வெளிக்கடலிலிருந்து எங்கள் கரைக்கு வர வேறு வழி கிடையாது. என் கணவர் மகாமே அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பார் என்று ஊரே சொல்லும். அவரும் மறுத்ததில்லை. "நான் எங்க பாக்குறேன்? கை தானாத் திருப்பும். நான் பாட்டுக்குப் பாடிக்கிட்டு வருவேன்" என்பார்.

அந்த வருஷம் நைரோபியிலிருந்து கெருபோ என்ற பெண் வந்து எங்கள் ஊரில் தங்கியிருந்தாள். வௌவால்களையும் டால்பின்களையும் சேர்த்துப் படிக்கிறவள். இரண்டும் குரல் கொடுத்து, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு வழி பார்க்கிற பிராணிகள். எங்கள் ஊரில் குகையும் இருக்கிறது, கடலும் இருக்கிறது. அவளுக்கு அது போதும். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டாள். இரண்டு கருவிகள் கொடுத்தாள். ஒன்று, நம் காதுக்கு எட்டாத வௌவால் குரலை 'டக், டக்' என்று கேட்க வைக்கும் சின்னப் பெட்டி. இன்னொன்று, நீண்ட கம்பியின் நுனியில் தண்ணீருக்குள் இறக்குகிற மைக். இரண்டையும் ஒரே தோள்பையில் போட்டுக்கொண்டு அலைவேன்.

வௌவாலும் டால்பினும் ஒன்றையொன்று பார்த்திருக்காது. ஆனாலும் பழக்கம் ஒன்றுதான். தேடும்போது டக், டக் என்று நிதானமாக விடும். ஏதாவது அகப்பட்டால் சத்தம் நெருங்கும். பக்கத்தில் போய்விட்டால் ட்ர்ர்ர் என்று ஒரே இழுப்பு. முதல் நாள் மகாமேவின் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது உன் குரல்தான்" என்றார். "நான் தெருமுனையில வரும்போது டக், டக். முற்றத்துக்கு வந்தா டக்டக்டக். வாசப்படியில கால வச்சா ட்ர்ர்ர்."

"குடிச்சிட்டு வந்தா அப்படித்தான் இருக்கும்."

"நான் எங்க குடிச்சேன்? இளநீ குடிச்சேன்."

"மூணு நாள் புளிச்ச இளநீ."

அவருடைய தம்பி ஷாலி விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணி, அந்தப் பெட்டிய எனக்குக் குடுங்க. எனக்கு வரப்போறவ வர்றதுக்கு முன்னாடியே பழகிக்கிறேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் அண்ணனும் தம்பியும் மீன் பிடிக்க வெளிக்கடல் திட்டுக்குப் போனார்கள். இரண்டு இரவு தங்கி, வியாழன் மாலை ஏற்றத்தோடு திரும்புவதாகப் பேச்சு. புதன்கிழமை எங்கள் மீனவர் சங்கம் இடுக்குக்குள், வலப்பக்க வளைவில், மீன் வளர்க்கிற கூண்டு ஒன்றை இறக்கியது. இரும்புக் குழாயில் பெரிய சட்டம், அதில் வலை. அங்கேதான் நீரோட்டம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஏற்றத்தில் சட்டம் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே போய்விடும். மேலே கட்டவேண்டிய சிவப்பு மிதவைகள் மொம்பாசாவிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வரும். இடப்பக்கம் ஒரு படகு போக இடம் இருந்தது, தெரிந்தவர்களுக்கு.

நானும் கரையில் நின்று பார்த்தேன். சங்கத் தலைவர் ஹமாதியிடம் கேட்கவும் செய்தேன். "அண்ணே, அவருக்குத் தெரியாதே?"

"யாருக்கு, மகாமேவுக்கா? அவனுக்குத் தண்ணி சுளிச்சாலே தெரியும். வௌவாலுக்குப் போய் யாராவது விளக்குப் பிடிப்பாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்த எழுத்தில் அர்த்தமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

வியாழன் பகலில் குகை வாயில் கம்பிவலைக் கதவு போட்டார்கள். முந்தின மாதம் இரண்டு ஆடுகள் உள்ளே விழுந்து செத்திருந்தன. சுற்றுலாக்காரர்கள் போத்தல்களை எறிந்துவிட்டுப் போனார்கள். பொழுது சாயும்போது கதவைத் திறந்து வைக்கவேண்டும் என்று கெருபோ சொல்லியிருந்தாள். அன்று அவள் மொம்பாசாவில் இருந்தாள். ஹமாதி சாவியோடு வருவதாகச் சொன்னார்; வந்தார், ஆனால் தாமதமாக. நான் ஆறு மணியிலிருந்து பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹமாதி மேட்டில் ஏறிவரும்போதே முதல் வௌவால்கள் கிளம்பிவிட்டன. பெட்டியில் டக், டக். எப்போதும் கேட்கிற அதே நிதானம். கம்பிவலை எதிரே இருக்கிறது, இனி சத்தம் நெருங்கும், ட்ர்ர்ர் என்று இழுத்துத் திரும்பிவிடும் என்று காத்திருந்தேன். கும்மிருட்டில் கொசுவைக் கண்டுபிடிக்கிற பிராணி. நெருங்கவேயில்லை. டக், டக் என்று வந்து வலையில் மோதியது. ஒன்று, பிறகு ஐந்து, பிறகு கையால் அள்ளி எறிந்தது போல. கீழே விழுந்தவை சிறகை இழுத்துக்கொண்டு நகர்ந்தன.

ஹமாதி பூட்டைத் திறந்து கதவை இழுத்தார். கூட்டம் எங்கள் முகத்தை உரசிக்கொண்டு வெளியே போனது.

"குருடா இதுங்க?" என்றார். "காது கேக்கும்னு சொன்னியே?"

"கேக்கும்ணே. வழி தெரிஞ்ச இடத்துல கேக்கல."

சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கெருபோ முன்பே சொல்லியிருந்தாள், பழகிய வழியில் அவை குரல் கொடுத்தாலும் திரும்பி வருவதைக் கவனிப்பதில்லை, நினைவில்தான் பறக்கின்றன என்று. நான் அதை நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன்.

"அண்ணே, அவர் வர்ற நேரம்."

"யாரு?"

"அவர் பாக்கமாட்டாரு. பாடிக்கிட்டு வருவாரு."

ஹமாதியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

மேட்டிலிருந்து கரைக்குப் பத்து நிமிஷம். ஓடிக்கொண்டே ஷாலியின் எண்ணுக்கு அடித்தேன். இரண்டு நாளில் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி அடித்தேன். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தண்ணீர் மட்டும் ஈயம் போலக் கறுத்துவிட்டது. ஏற்றம் முக்கால்வாசி. கூண்டு இருந்த இடத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. வெளியே கடலில் தூறல் திரையாக நின்றது. பாய் எதுவும் தெரியவில்லை.

மீன் கொட்டகையில் சங்கு தொங்கும். நான்தான் சொன்னேன். "ஊதுங்கண்ணே. சத்தம் கேட்டா நிமிந்து பாப்பாரு."

ஹமாதி மூன்று முறை ஊதினார். அகன்ற மார்பு அவருக்கு, தூரம் போகும். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஊதின கையோடு சங்கை வீசிவிட்டுச் சின்னத் தோணியை இழுத்தார். நானும் தள்ளினேன். அப்போது பின்னால் தெருவில் பெண்கள் அலுமினியச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் கேட்டாள். "லாரி வந்துருச்சா?"

எங்கள் கரையில் சங்கு ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஐஸ் லாரி வந்துவிட்டது. முதலில் கரையேறுகிற படகுக்கு நல்ல விலை. சங்கு கேட்டால் எந்தப் படகும் நிதானிக்காது. பாயை முழுசாக விரிக்கும்.

ஹமாதி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஏறு" என்றார்.

அவர் துடுப்புப் போட்டார். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போது நினைவில் இல்லை. கூண்டுக்கு மேல் போய் நின்று, டார்ச்சை ஆட்டினால் மகாமே ஒதுங்கிப் போவார் என்று கணக்கு. ஆனால் டார்ச் நான் ஓடிவந்தபோதே எங்கோ விழுந்துவிட்டது. தோளில் பை மட்டும் இருந்தது. செல்போனின் விளக்கைப் போட்டுத் தூக்கிப் பிடித்தேன். அது என் முகத்தைத்தான் காட்டியது.

தூறல் எங்கள் மேலும் வந்துவிட்டது. பாய்ப் படகு, எஞ்சின் சத்தம் கிடையாது. எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரியவில்லை. மைக்கைத் தண்ணீரில் இறக்கினேன். வேறு என்ன செய்ய? அவர் படகோடு எப்போதும் நாலைந்து டால்பின்கள் இடுக்குவரை கூட வரும். அவற்றின் சத்தம் கேட்டால் அவரும் அங்கே இருக்கிறார்.

காதில், கடலடி இறால்கள் பொரிவதுபோல எழுப்புகிற சடசடப்பு. அதற்கு அப்பால், மெல்ல, டக்... டக்... டக்.

"வர்றாங்கண்ணே."

"எங்க?"

"தெரியல. வர்றாங்க."

டக், டக். எனக்குக் குகை வாயில் நினைவுக்கு வந்தது. இவையும் தெரிந்த வழியில்தான் வருகின்றன. பிறகு, சத்தம் நெருங்கியது. டக்டக்டக். இன்னும் நெருங்கியது. ட்ர்ர்ர் என்று நீளமாக இழுத்தது, ஒன்றல்ல, எல்லாமே. கூண்டு அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. இழுப்பு நின்றது, சத்தம் இடப்பக்கமாக நழுவி விலகிப்போனது. அவை சுற்றிப் போய்விட்டன. ஒரு கணம், அவரும் அவற்றின் பின்னால் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன்.

தூறலைக் கிழித்துக்கொண்டு பாய் தெரிந்தது. முழுதாக விரிந்திருந்தது. எங்கள் தோணி கூண்டிலிருந்து இன்னும் நாற்பது கஜம் தள்ளி இருந்தது. அவர் சுக்கானில் நின்றுகொண்டிருந்தார். நான் கத்தினேன். ஹமாதி கத்தினார். இரண்டு கத்தலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து என்னவென்று புரியாமல் போயிருக்கும். அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்தினார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"லாரி போயிறலையே?" என்று கேட்டார்.

சட்டத்தில் படகு மோதியது என் காதில்தான் முதலில் கேட்டது, தண்ணீர் வழியாக. அதன்பிறகுதான் பாய்மரம் சாய்ந்ததைப் பார்த்தேன். மோதிய வேகம் ஷாலியைக் கடலில் தூக்கி எறிந்துவிட்டது. ஹமாதி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தோணியில் போட்டார். மகாமே பாய்க்கு அடியில் இருந்தார். பாயை வெட்டி எடுக்கச் சின்னக் கத்திகூட எங்களிடம் இல்லை. கரையிலிருந்து ஆட்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சட்டியோடு வந்த பெண்கள்தான் அவரைத் தூக்கிவர உதவினார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஷாலி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். சங்கு கேட்டதும் அண்ணன்தான் பாய விரிக்கச் சொன்னான். டால்பின் எல்லாம் திடீர்னு ஒதுங்குச்சு. நான் சொன்னேன், இதுங்க எங்க போகுதுன்னு. விடுடா, அதுங்களுக்கு என்ன அவசரம்னு அண்ணன் சொன்னான்."

நான் சொன்னேன், "சங்க நான்தான் ஊதச் சொன்னேன்."

"தெரியும். ஹமாதிண்ணன் சொன்னாரு." என்றான். "அவர் ஊதலன்னாலும் அண்ணன் அந்த வழியாத்தான் வந்திருப்பான்."

அது ஆறுதலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சங்கம் கூண்டை எடுத்துவிட்டது. குகையின் கம்பிவலையைக் கெருபோ கழற்றவைத்தாள். அதற்குப் பதில் குறுக்குக் கம்பிகள், வௌவால் சிறகு விரித்துப் போகிற இடைவெளியோடு. நாற்பது நாள் கழித்து நான் மறுபடி பெட்டியோடு போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் கம்பிக்கு முன்னால் ஒவ்வொன்றும் ட்ர்ர்ர் என்று இழுத்து, தயங்கி, சரிந்து, வெளியேறியது. அதைக் கேட்டபோது மனசு சமாதானமாக இருந்தது. அவை கவனிக்கின்றன.

மூன்றாம் வாரத்திலிருந்து இழுப்பு குறைந்தது. ஐந்தாம் வாரம் கெருபோ என் நோட்டைப் புரட்டிவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னாள், "பழகிருச்சுங்க அக்கா. பயம் போயிருச்சு."

அன்று மாலையும் போனேன். டக், டக் என்று நிதானமாக வந்தன. கம்பிகளுக்கு நடுவே பிசகாமல் வெளியேறின. நேரத்தை எழுதினேன், எண்ணிக்கையை எழுதினேன். பிறகு எழுந்து, ஒவ்வொரு கம்பியும் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன். இப்போதும் கிளம்புவதற்கு முன் தினம் அதைச் செய்கிறேன்.